கொழும்பில் அரச பாடசாலை ஆசிரியர் வேலை: சம்பளம் காணுமா, சுமை எங்கே இருக்கிறது?

கேட்கப்பட்டது இதுதான்: தங்கச்சி வவுனியாவில் கல்வியியற் கல்லூரி முடித்து, கொழும்பில் ஒரு தமிழ்மொழிமூலப் பாடசாலைக்கு நியமனம் பெற்றிருக்கிறாள். "அரைநாள் வேலை, வருசத்தில் மூன்று லீவு, கடைசியில் பென்சன், வேறென்ன வேணும்" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். ஆசிரியர்களோ சம்பளம் காணாது என்று வீதியில் நிற்கிறார்கள். எதை நம்புவது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சம்பளத்துக்கு முன் "அரைநாள்" கதையைப் பார்த்துவிடுவோம். அதைத் தீர்க்காமல் சம்பளம் பற்றிப் பேசினால், ஆறு மணித்தியால வேலைக்கு இது போதாதா என்ற கேள்விதான் திரும்பத் திரும்ப வரும்.

பாடசாலை 7.30க்குத் தொடங்கி 1.30க்கு முடியும். ஒரு நாளுக்கு 40 நிமிடப் பாடவேளைகள் எட்டு, கிழமைக்கு 40. இடைநிலை வகுப்பு ஆசிரியருக்கு நேரசூசியில் 30 பாடவேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பத்தும் ஓய்வு என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். யாராவது ஓர் ஆசிரியர் லீவு எடுத்த நாளில் அந்த வகுப்பைப் பார்க்க ரிலீவ் போடுவார்கள், பிரதி அதிபர் காலையில் எழுதும் அந்தச் சீட்டு ஓய்வு வேளையைத்தான் தேடிவரும். பத்தில் ஐந்தாறு அப்படிப் போய்விடும். ஆரம்பப் பிரிவு என்றால் அந்தப் பத்தும் கிடையாது. வகுப்பாசிரியர் காலையில் உள்ளே போனால் மணியடிக்கும்வரை அதே பிள்ளைகளோடுதான்.

இனித் திருத்தும் வேலை. நான்கு வகுப்பு, வகுப்புக்கு 40 பிள்ளைகள் என்றால் 160 கொப்பி. ஒரு கொப்பிக்கு இரண்டு நிமிடம் மட்டும் கொடுத்தாலும் 5 மணி 20 நிமிடம். பிள்ளை எழுதியதை வாசித்துப் பிழையைக் காட்டுவதற்கு இரண்டு நிமிடம் காணவே காணாது. தவணைப் பரீட்சை வந்தால் 160 விடைத்தாள், ஒன்றுக்கு ஆறு நிமிடம், 16 மணித்தியாலம். அதன்பிறகு புள்ளிப் பதிவு, சராசரி, தேர்ச்சி அறிக்கை, பெற்றோர் சந்திப்பு. இது வருடத்தில் மூன்று தரம். "மூன்று லீவு" என்று சொல்லப்படும் நாட்களில் ஒரு பங்கு இந்த விடைத்தாள் கட்டுகளோடுதான் போகிறது.

கற்பித்தலோடு சேராத வேலைகளும் இருக்கின்றன. வரவு இடாப்பு, பாடநூல் விநியோகம், சீருடைத் துணி, சப்பாத்து வவுச்சர், மதிய உணவுப் பதிவு, புலமைப்பரிசில் விண்ணப்பம், சாதாரணதரப் பரீட்சை விண்ணப்பங்களில் பெயர், பிறந்த திகதி சரிபார்த்தல், டெங்குச் சிரமதானம், விளையாட்டுப் போட்டி, தமிழ்த்தினப் போட்டி. ஒவ்வொன்றும் சின்ன வேலைதான். ஆனால் வகுப்பாசிரியர் ஒருவரின் கையில் எல்லாம் ஒன்றாகக் குவியும்போது, முதலில் வெட்டுப்படுவது பாட ஆயத்தம். இதைத்தான் நான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய கேடு என்று சொல்வேன். களைப்பைத் தூங்கி எழும்பித் தீர்த்துக்கொள்ளலாம். ஆயத்தமில்லாமல் நடந்த பாடத்தால் பிள்ளை இழந்தது திரும்பி வராது.

இனிச் சம்பளம்.

சம்பளச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். மொத்தத் தொகையைக் கண்டு நிம்மதியாகிவிட வேண்டாம். ஓய்வூதியம் கணக்கிடுவது அடிப்படையின் மேல்தான். படிகள், அதாவது மேலதிகக் கொடுப்பனவுகள், அதில் சேராது. அரசாங்கங்கள் நெடுங்காலம் அடிப்படையைத் தொடாமல் படியைக் கூட்டியே சமாளித்து வந்தன. 2016ஆம் ஆண்டின் சம்பளச் சுற்றறிக்கை கட்டம் கட்டமாக 2020இல் முழுமையானது. அதற்குப் பிறகு அரச ஊழியரின் அடிப்படைச் சம்பளத்தில் பொதுவான திருத்தம் 2025 ஏப்ரல்வரை இல்லை. இடையில் 2,500 ரூபாய் இடைக்காலப் படி, 5,000 ரூபாய் விசேட படி, 2024இல் 7,800இலிருந்து 17,800 ஆன வாழ்க்கைச் செலவுப் படி என்று பக்கவாட்டில்தான் கூடியது.

அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பதைக் கொழும்பில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், உணவுக்கு மட்டும் 94.9 வீதம். ஒரு வருடத்துக்கு முன் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமான் இரண்டாயிரத்தை எட்டிப்பிடித்தது என்று அர்த்தம். பணவீக்கம் பிறகு இறங்கியது உண்மை. ஆனால் பணவீக்கம் இறங்குவது விலை ஏறும் வேகம் குறைவதுதான். விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை, சம்பளம் புதிய இடத்துக்கு ஏறவுமில்லை.

2025 வரவு செலவுத் திட்டத்தில் அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக்கப்பட்டது. கேட்டவுடன் 15,750 ரூபாய் கூடியதாகத் தோன்றும். அதில் 7,500 ரூபாய் ஏற்கெனவே கையில் கிடைத்துக்கொண்டிருந்த மேற்சொன்ன 2,500உம் 5,000உம்தான், அடிப்படைக்குள் சேர்க்கப்பட்டன. புதிதாக வந்தது 8,250 ரூபாய். அதுவும் ஒரே தடவையில் அல்ல: 2025 ஏப்ரலில் 5,000 ரூபாயும், மிச்சம் 3,250இன் 30 வீதமான 975 ரூபாயும். எஞ்சிய 2,275 ரூபாயில் பாதி 2026 ஜனவரியில், பாதி 2027 ஜனவரியில். இது சேவையின் ஆகக் கீழ்ச் சம்பள நிலைக்கான கணக்கு. ஆசிரியரின் ஆரம்பச் சம்பள நிலை அதற்கு மேலே இருப்பதால் தொகை மாறும், முறை ஒன்றுதான். ஆகக் குறைந்த ஆண்டுச் சம்பளவேற்றமும் 250 ரூபாயிலிருந்து 450 ஆனது. இந்தத் திருத்தத்தில் உண்மையான நன்மை, படி அடிப்படைக்குள் போனதுதான். ஓய்வுபெறும் காலத்தில் அது பேசும்.

அப்படியானால் ஆசிரியர்கள் ஏன் தனியாகச் "சம்பள முரண்பாடு" என்று கேட்கிறார்கள்? அது விலைவாசிக்கு முந்திய கதை. இலங்கை ஆசிரியர் சேவை 1990களின் நடுவில் உருவானது. 1997ஆம் ஆண்டு பீ.சி. பெரேரா ஆணைக்குழுவின் சம்பள மீளமைப்போடு முரண்பாடு தொடங்கியது என்பது சங்கங்களின் நிலைப்பாடு. பிற்காலத்தில் ஒத்த தகைமையுள்ள வேறு அரச சேவைகள் மேலே போக, ஆசிரியர்களும் அதிபர்களும் பழைய சம்பள நிலையிலேயே விடப்பட்டார்கள். 24 வருடம் கழித்து 2021இல் அது வெடித்தது. அந்த வருடம் ஜூலை 8ஆம் திகதி கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலத்துக்கு எதிரான ஆர்ப்பாட்டத்தில் இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலின் உட்படப் பலர் கைதானார்கள். அதைத் தொடர்ந்து, சம்பளக் கோரிக்கையையும் முன்வைத்து, இணையவழிக் கற்பித்தலிலிருந்து ஆசிரியர்கள் விலகினார்கள். ஒக்டோபர் 25ஆம் திகதி பாடசாலைக்குத் திரும்பும்வரை மூன்று மாதத்துக்கு மேல் அது நீடித்தது. இந்த முரண்பாட்டை ஆராய அமைக்கப்பட்ட சுபோதினி குழுவின் பரிந்துரையில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியிலிருந்து கொடுக்கப்பட்டது. மிச்ச மூன்றில் இரண்டு பங்கைக் கேட்டுத்தான் 2024 ஜூனில் மீண்டும் சுகவீன லீவுப் போராட்டம் நடத்தினார்கள், கொழும்பில் கண்ணீர்ப்புகையும் நீர்த்தாரையும் வாங்கினார்கள். தரவேண்டியது என்று ஏற்றுக்கொண்டதன் மிச்சத்தைக் கேட்டு நின்றவர்களைப் பேராசை பிடித்தவர்கள் என்று சொல்வதில் நியாயமில்லை.

கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 முதல் 6 வீதம் ஒதுக்க வேண்டும் என்பது 2015இல் இஞ்சியோன் பிரகடனத்தோடு உலக நாடுகள் ஏற்ற அளவுகோல். இலங்கை நெடுங்காலமாக இரண்டு வீதத்தை அண்டியே நிற்கிறது. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா தொடக்கிவைத்த இலவசக் கல்வி இன்றும் நிற்கிறதென்றால், அந்த இடைவெளியை ஆசிரியரின் மலிவான உழைப்பும் பெற்றோரின் ரியூசன் காசும் நிரப்புவதால்தான்.

இப்போது தங்கச்சியின் கணக்கு. கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்குள்ள படி கொழும்பு நகரத்துக்கு இல்லை. வீட்டு வாடகைக்கென்றும் ஆசிரியருக்குத் தனிப் படி இல்லை. நாட்டின் மிக விலை கூடிய நகரத்தில், வேறு எங்கும் வாங்கும் அதே சம்பளத்தோடுதான் வாழ வேண்டும். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தனி அறை எடுப்பது புது ஆசிரியருக்குக் கட்டாது. மாத வாடகையைவிட, மூன்று மாதமோ ஆறு மாதமோ முற்பணம் கேட்பதுதான் முதல் அடி. முதற் சம்பளமே பிந்தக்கூடியது என்பதால் வீட்டிலிருந்து குறைந்தது மூன்று மாதச் செலவுக்கான காசைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். இருவர் மூவர் சேர்ந்து எடுக்கும் அறை, அல்லது சாப்பாட்டோடு பெண்கள் விடுதி, முதல் வருடத்துக்குப் போதும். பாடசாலைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருக்கும் கொஞ்சம் விலை கூடிய அறை, தூரத்து மலிவான அறையைவிட இலாபம். காலி வீதியில் 100, 101 பஸ்கள் காலையில் நின்று நின்றுதான் நகரும். வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டபிறகு அதற்குக் கீழே கையொப்பம் வைத்தால் பிந்திய வரவு லீவுக் கணக்கில் வந்து விழும். கரையோர ரயில் பாதையை அண்டியிருந்தால் ரயில் சீசன் எடுப்பதே மலிவு.

வருமான வரிக்குப் பயப்படத் தேவையில்லை. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபாய்வரை வரி இல்லை. புது ஆசிரியரின் சம்பளம் அந்த எல்லைக்கு அருகிலும் வராது. ஆனால் 18 வீத வற் வரி கடையில் எல்லோரிடமும் ஒரே மாதிரித்தான் அறவிடப்படுகிறது.

கழிவுகளில் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, அரச ஊழியருக்கான அக்ரஹார மருத்துவக் காப்புறுதி, 25 ரூபாய் முத்திரைக் கட்டணம் ஆகியவை தவிர்க்க முடியாதவை. தவிர்க்கக்கூடியது கடன். அரச ஊழியருக்கான இடர்கடன் 4.2 வீத வட்டிக்குக் கிடைப்பதால் வங்கிக் கடனைவிட எவ்வளவோ நல்லது. அதற்காகவே, முதல் வருடத்தில் அதை மோட்டார் சைக்கிளுக்கும் கலியாணச் செலவுக்கும் எடுத்து முடித்துவிடக் கூடாது. 60 மாதக் கழிவு என்பது ஐந்து வருடம். சேவையில் சேர்ந்தவுடனேயே சம்பளச் சீட்டைக் காட்டித் தளபாடக் கடை, தனியார் நிதிக் கம்பனி என்று கடன் எடுத்து, கைக்கு வரும் காசு பாதியாகிப்போன இளம் ஆசிரியர்கள் நிறையப் பேர். சம்பளம் குறைவு என்ற நோயை இது இரட்டிப்பாக்கும்.

தமிழ்மொழிமூலம் என்பதற்குத் தனியான சில சிரமங்கள் இருக்கின்றன. கொழும்பு மாவட்டத்தில் கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, ஹோமாகம, பிலியந்தலை என்று நான்கு கல்வி வலயங்கள். தேசியப் பாடசாலை என்றால் பத்தரமுல்ல இசுருபாயவிலுள்ள அமைச்சின் கீழ் வரும், மற்றவை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மேல் மாகாணத்தின் கீழ். இந்த வேறுபாட்டை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். இடமாற்றம், பதவி உயர்வு, முறைப்பாடு எல்லாமே எந்தப் பாதையில் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். தேசியப் பாடசாலை ஆசிரியர் மாகாணத் திணைக்களத்துக்கு எழுதிய கடிதம் மாதக்கணக்கில் கிடந்து திரும்பி வரும்.

வலயப் பணிமனைகளில் கோவைகள் (பைல்கள்) பெரும்பாலும் சிங்களத்தில்தான் நகர்கின்றன. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். அதேவேளை பேசுமளவுக்குச் சிங்களம் பழகிக்கொள்வது மிக உதவும். விடயத்துக்குப் பொறுப்பான எழுதுவினைஞரோடு ஐந்து நிமிடம் நேரில் பேசினால் தீர்வது, கடிதத்தில் ஐந்து மாதம் எடுக்கும்.

வகுப்பறைக்குள் வந்தால், கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம், தகவல் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்குத் தமிழ்மொழி ஆசிரியர் பற்றாக்குறை. ஆகவே நியமனப் பாடம் ஒன்று, கற்பிக்கச் சொல்வது வேறொன்று என்பது சாதாரணம். ஒரு தவணை உதவியாகச் செய்யலாம். ஆனால் நியமனப் பாடத்தில் ஒன்றும் கற்பிக்காமல் வருடங்கள் போனால், இடமாற்றத்திலும் பயிற்சித் தெரிவிலும் அது சிக்கலாகும். எனவே நேரசூசியில் நியமனப் பாடத்துக்குச் சில பாடவேளைகளாவது கேட்டு வாங்க வேண்டும். 2022இல் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகச் சுற்றறிக்கை வந்தபோது ஆசிரியர்களும் போனார்கள். அவர்கள் விட்ட பாடவேளைகள் இருப்பவர்களின் தலையில்தான் ஏறின.

கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம் பக்கத்துப் பாடசாலை என்றால் இன்னொன்றும் உண்டு. நாட்கூலிக்குப் போகும் பெற்றோர், ஓர் அறை வீடு, படிக்க இடமில்லாத பிள்ளை. அங்கே வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு அடுத்த நாள் ஏசுவதில் பயனில்லை. பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தை எழுத்து வேலைக்கு ஒதுக்குவதுதான் நடக்கும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளை இரண்டாம் பாடவேளையில் மேசையில் தலை வைக்கும், சோம்பல் என்று எடுத்துவிடக் கூடாது. மற்றது, தொண்டை. பழைய கட்டிடங்களில் வகுப்புக்கு வகுப்பு அரைச்சுவர், வெளியே வாகன இரைச்சல், உள்ளே நாற்பது பிள்ளைகள். முதல் தவணையிலேயே குரல் கட்டிப்போகும் புது ஆசிரியர்கள் அதிகம். கத்துவதை விட்டு, பலகையில் எழுதி, வகுப்பின் நடுவில் நின்று பேசப் பழக வேண்டும். தண்ணீர்ப் போத்தல் எப்போதும் கையில் இருக்கட்டும்.

ரியூசன் கொடுத்துச் சமாளிக்கலாம்தானே என்று சிலர் சொல்லுவார்கள். தன் வகுப்புப் பிள்ளைகளிடமே காசு வாங்கி ரியூசன் நடத்துவதை மேல் மாகாண நிர்வாகம் 2023இல் தடைசெய்தது. தடை இல்லாவிட்டாலும் அது தவறு என்பதே என் கருத்து. காலையில் சொல்லாமல் விட்டதைப் பின்னேரம் விற்கிறார் என்ற சந்தேகம் ஒருமுறை விழுந்தால் அந்த ஆசிரியர் வகுப்பில் எழும்ப முடியாது. வேறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு, கிழமைக்கு இரண்டு நாள் என்றால் பிழையில்லை. ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். தகுதிகாண் காலத்தில் தொழிலைப் படிக்கவே நேரம் காணாது. சர்வதேசப் பாடசாலைக்குப் போகலாமா என்பதும் கேட்கப்படும் கேள்வி. சிலவற்றில் சம்பளம் கூட, பலவற்றில் புது ஆசிரியருக்கு அரச சம்பளத்தைவிடக் குறைவு. ஓய்வூதியத்துக்குப் பதில் ஊழியர் 8 வீதமும் நிறுவனம் 12 வீதமும் போடும் சேமலாப நிதிதான். அதையும் சம்பளத்தின் எந்தப் பகுதிக்குப் போடுகிறார்கள் என்று கேட்டே சேர வேண்டும்.

வகுப்புக் காசு பற்றி ஓர் எச்சரிக்கை. மின்விசிறி திருத்த, திரைச்சீலை போட, பரீட்சைத் தாள் அடிக்க என்று பிள்ளைகளிடம் காசு சேர்க்கச் சொல்வார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாயும் கையில் வாங்கக் கூடாது. யார் சேர்க்கச் சொன்னார்கள் என்பது கணக்காய்வு வரும்போது யாருக்கும் நினைவிருக்காது, வாங்கிய கை மட்டும் நினைவிருக்கும்.

புது ஆசிரியர் சம்பளத்தை இழக்கும் இடம் பெரும்பாலும் கோவைதான். கடமையேற்ற உடனே வலயத்துக்குப் போக வேண்டியவை: நியமனக் கடிதம், கடமையேற்புக் கடிதம், உறுதிப்படுத்திய பிறப்புச் சான்றிதழ், டிப்ளோமாச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, நாட்டுப் பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்ற ஆறாம் திருத்தச் சத்தியக்கடதாசி, சுகாதாரம் 169 மருத்துவ அறிக்கை, சொத்துப் பிரகடனம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பதிவு, வங்கிக் கணக்கு விபரம். முதற் சம்பளம் பிந்துவதற்குப் பொதுவான காரணம் மருத்துவ அறிக்கை வராதது, அல்லது சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்து வேறுபடுவது. தமிழ்ப் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்: ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், மற்றதில் பின்னால், ஆங்கில எழுத்து ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதம். நியமனத் திகதிக்கு முன்பே ஒரு சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொண்டால் இரண்டு மாதம் மிச்சம்.

அடுத்தது காலக்கெடுக்கள். ஆண்டுச் சம்பளவேற்றப் படிவம் ஒவ்வொரு வருடமும் நியமனத் திகதியை ஒட்டி அதிபர் ஊடாகப் போக வேண்டும். சம்பளமற்ற லீவு எடுத்தால் அந்தத் திகதி தள்ளிப்போகும். மூன்று வருடத் தகுதிகாண் காலம் முடிய நிரந்தரமாக்கல், அதற்குள் முதலாவது வினைத்திறன்காண் தடைதாண்டல் (சேவையில் முன்னேறத் தாண்ட வேண்டிய தகுதி மட்டம்), பிறகு 3ஆம் வகுப்பிலிருந்து 2-II, 2-I, 1 என்று மேலே. ஒவ்வொரு படிக்கும் தொழில் விருத்திப் பயிற்சி மொடியூல்கள் முடித்த சான்று வேண்டும். இதை யாரும் கூப்பிட்டு நினைவூட்டமாட்டார்கள். பிந்தினால் பதவி உயர்வு பிந்தும், நிலுவை சேரும், நிலுவை ஒதுக்கீடு வரும்வரை வருடக்கணக்கில் கிடக்கும். பட்டம் முடிக்கும் எண்ணம் இருந்தால், நாவலவிலுள்ள திறந்த பல்கலைக்கழகமும் மஹரகம தேசிய கல்வி நிறுவகமும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கொழும்பில் வேலைசெய்வதன் பெரிய நன்மை. அதைப் பயன்படுத்தாமல் ஊருக்கு இடமாற்றம் வாங்கிப் போவது வீண்.

கோவை எங்கேயோ நின்றுவிட்டது என்றால், முதலில் அதிபர் ஊடாக எழுத்தில். அடுத்து வலயப் பணிப்பாளர். மாகாணப் பாடசாலை என்றால் மாகாணக் கல்வித் திணைக்களமும் மாகாண அரசாங்க சேவை ஆணைக்குழுவும், தேசியப் பாடசாலை என்றால் அமைச்சும் அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கல்விச் சேவைக் குழுவும். பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், "என் நிலுவைக் கோவை இன்று யாருடைய மேசையில், எந்தத் திகதியிலிருந்து இருக்கிறது" என்று ஒரே ஒரு கேள்வியைத் தமிழில் எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கொடுங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்கி வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பாடசாலைப் பிரதி தொலையும், வலயப் பிரதியும் தொலையும்.